ஓட்டம் கூடின வண்டி

அந்தச் சலவைக்கூடத்தில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டால் விரல் நுனியில் சூடு உறைக்காது. ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் பிழிந்த பிறகு, ஆள் நீளத்துக்கு உருளும் சூட்டு உருளைக்குள் விட்டு, மறுபக்கம் இரண்டு பேர் நின்று பிடித்து மடிக்க வேண்டும். வெளியே வரும் துணி அனலாகக் கொதிக்கும். புதிதாகச் சேர்ந்த பெண்கள் கையை உதறுவார்கள், ஊதிக்கொள்வார்கள், குழாயடியில் போய் நிற்பார்கள். மூத்தவள் கையை உதறி யாரும் பார்த்ததில்லை.

"உனக்கென்ன தோலா, தகரமா?" என்பாள் அவளோடு துணி பிடிக்கும் நெட்டை.

"பழகிப்போச்சு" என்பாள் மூத்தவள்.

மூத்தவள் என்பது வீட்டில் விழுந்த பெயர். கீழே ஒரு தம்பி; வேறு ஊரில், குளிரூட்டிய அலுவலகத்தில் வேலை. இவளுக்குக் கல்யாணம் என்று ஒன்று வந்தது. விருந்தாளி மாதிரி கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. அதைப் பற்றி அவளும் பேசமாட்டாள், தெருவும் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டது. அம்மா போன பிறகு வீட்டில் அவளும் அப்பாவும்தான்.

அப்பா லாரி ஓட்டியவர். ஆயுசு முழுக்க வெளியூர் லோடு. வண்டியை விட்டு இறங்கிய பிறகு கொஞ்ச காலம் நன்றாகத்தான் இருந்தார். அப்புறம் ஒவ்வொன்றாக நழுவ ஆரம்பித்தது. முதலில் சாவி வைத்த இடம் போனது. பிறகு கிழமை போனது. பெண்டாட்டி செத்துப்போனது மறந்தது. அதைச் சொன்னபோதெல்லாம் புதிதாக அழுதார். அதனால் சொல்வதை நிறுத்தினாள். கடைசியில் மூத்தவள் யார் என்பதும் மறந்தது. டாக்டர் அந்த வியாதிக்கு ஒரு பெயர் சொன்னார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் போய்விடுகிற வியாதியா அது?

காலையில் தொல்லை இல்லை. தூங்குவார், கீழ்வீட்டுச் சித்தி வந்து பார்த்துக்கொண்டால் போதும். வெயில் சாய ஆரம்பித்தால்தான் ஆரம்பிக்கும். "வண்டி எங்க? லோடு ஏத்தியாச்சா? யாருடா கதவச் சாத்தினது?" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்குவார். பூட்டியிருந்தால் கதவைக் காலால் உதைப்பார். திறந்திருந்தால் தெருமுனைக்குப் போய், வருகிற லாரிக்கெல்லாம் கையைக் காட்டிக்கொண்டு நடுரோட்டில் நிற்பார். ஒருநாள் தடுக்கப் போன சித்தியை அவர் தள்ளிவிட்டதில், அவள் மணிக்கட்டு வீங்கிப்போனது. சித்தி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் வரும்போது தன் மகனையும் துணைக்குக் கூட்டிவந்தாள். அது சொன்னதற்குச் சமம்தான்.

வழி தற்செயலாகத்தான் கிடைத்தது. சலவைக்கூடத்து வேனை ஓட்டுகிறவர் வராத ஒருநாள் சாயங்காலம், மூத்தவள் விரிப்புகளை ஓட்டல்களில் போட்டுவர வேண்டியிருந்தது. உரிமம் வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். அப்பாவை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாமல் பக்கத்தில் ஏற்றிக்கொண்டாள். வேன் கிளம்பியதும் அவர் சீட்டில் சாய்ந்தார். கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டார். ஊரைத் தாண்டியதும் மெல்ல ஏதோ முணுமுணுத்துப் பாடினார். திரும்பி வந்து சோறு போட்டபோது மறுபேச்சில்லாமல் சாப்பிட்டுப் படுத்துக்கொண்டார். மூத்தவள் அன்றைக்குக் கட்டை மாதிரி தூங்கினாள்.

அதற்குப் பிறகு வேனின் சாயங்கால நடையை அவளே கேட்டு வாங்கி, அப்பாவையும் ஏற்றிக்கொண்டு போனாள். முதலாளி கொஞ்ச நாள் கண்டும் காணாமல் இருந்தார். பிறகு, "அம்மா, நான் கல்நெஞ்சக்காரன் இல்ல. ஆனா நாளைக்கு ஒண்ணுன்னா பதில் சொல்ல வேண்டியவன் நான்" என்றார். நியாயம்தான். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள்.

அன்று தம்பியிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, நான் சொன்ன முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பாத்துட்டு வந்தேன். சுத்தமா இருக்கு. தோட்டமெல்லாம் இருக்கு. நீ சரின்னா இந்த வாரமே…"

"கார் வாங்கப் போறேன்."

"என்னது?"

"பழைய கார். டீசல்."

"அக்கா, ஊர்ல எல்லாரும் கார் வாங்கறது எங்கயாவது போறதுக்கு. நீ எங்க போகப் போற?"

"எங்கயும் இல்ல. போயிட்டுத் திரும்பி வர்றதுக்கு."

"எத்தன நாளைக்கு?"

"தெரியல" என்றாள். அவன் கோபப்பட்டிருந்தால் அவளும் பட்டிருப்பாள். அவன் பெருமூச்சு விட்டான். அவள் போனை வைத்துவிட்டாள்.

வண்டி பார்த்துக் கொடுக்க ஒத்துக்கொண்டது சோடாபுட்டி. சலவைக்கூடத்துக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக். கண்ணாடியைக் கழற்றினால் கையிலிருக்கும் ஸ்பேனர் தெரியாது.

"டீசல் எதுக்குக்கா? தெருமுனைக்குப் போய்க் காய்கறி வாங்கிட்டு வர்ற ஆளுக்கு டீசல் ஆகாது. புகை அடைச்சுக்கும். நெதம் நீளமா ஓடணும், சூடாகணும். அப்பத்தான் அது நல்லா இருக்கும்."

"நெதம் ஓடும். சாயங்காலம் ஆரம்பிச்சா இருட்டற வரைக்கும் ஓடும்."

"வாடகைக்கா?"

"அப்பாவுக்கு."

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றி, பனியனில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டான். "அப்ப டீசல்தான்" என்றான்.

கழுத்தில் கிடந்தது வங்கிக்குப் போனது. கல்யாணத்தில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதற்கு எட்டுகிற விலையில் வந்த வண்டிகள் எல்லாம் ஒன்று அடிபட்டவை, இல்லை வெள்ளத்தில் நின்றவை. ஒன்றில் சோடாபுட்டி மிதியடியைத் தூக்கி முகர்ந்து பார்த்துவிட்டு, பேசாமல் திரும்பி நடந்துவிட்டான். கடைசியில் ஒரு மருந்து விற்பனைப் பிரதிநிதியின் வண்டி இருப்பதாகத் தகவல் வந்தது. சாயங்காலம்தான் அவருக்குத் தோதுப்பட்டது. அதனால் அப்பாவையும் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

போகிற வழியில் சோடாபுட்டி பாடம் நடத்தினான். "வாங்க வந்தவங்க முகத்துல ஆசை தெரியக் கூடாது. வேண்டா வெறுப்பா நில்லுங்க. வெலைய நான் பேசிக்கறேன்."

"என் முகத்துல என்ன தெரியப் போவுது?" என்றாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். "அதுவும் சரிதான்."

தகரக் கொட்டகையின் கீழ் சாம்பல் நிறத்தில் நின்றது வண்டி. முன்பக்கம் கல் தெறித்த பொட்டுகள். ஓட்டுநர் சீட்டின் ஓரம் தேய்ந்து நூல் தெரிந்தது. பிரதிநிதி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். நடுத்தர வயசு. வலது காலை இழுத்து இழுத்து வைத்தார்.

"மீட்டரப் பாத்து பயப்படாதீங்க" என்றார். "ரெண்டே முக்கா லட்சம் ஓடியிருக்கு. நான் எதையும் திருப்பல. திருப்பியிருந்தா பாதிதான் காட்டும், வெலையும் கூடக் கேட்டிருப்பேன். அத்தனையும் நெடுஞ்சாலை ஓட்டம். ஊருக்குள்ள நின்னு நின்னு போன கிலோமீட்டர் இல்ல."

"எல்லாரும் சொல்றதுதான்" என்றான் சோடாபுட்டி, வேண்டா வெறுப்பாக. பானெட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தான். குளிர்ந்திருந்தது. முன்னாலேயே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் காலையில் கிளம்பாத நோய் மறைந்துவிடும். இங்கே அந்தத் தில்லுமுல்லு இல்லை. சாவியைத் திருப்பச் சொன்னான். முதல் திருப்பிலேயே கடகடவென்று பிடித்தது. ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே காட்டினான். புகை குபுகுபுவென்று வந்து அடித்தால் இன்ஜின் உள்ளே தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அடிக்கவில்லை. பின்னால் போய்ப் புகையின் நிறம் பார்த்தான். கீழே படுத்து டார்ச் அடித்தான்.

"ஏன் விக்கறீங்க?" என்று மூத்தவள் கேட்டாள்.

"முதுகுல நரம்பு நசுங்கிப் போச்சு. கால் மரத்துப்போவுது. பிரேக்க மிதிக்கறேன், மிதிச்சது தெரியல. ஒருநாள் மிதிக்காமலே மிதிச்சதா நெனச்சுக்கிட்டேன்." அவர் சிரித்தார். "அதோட விட்டுட்டேன்."

உள்ளேயிருந்து அவர் மனைவி டீ கொண்டுவந்தாள். "எடுத்துட்டுப் போங்கம்மா, புண்ணியமாப் போகும். இங்க நின்னா இவரு அதுலயே போய் உக்காந்துக்கறாரு" என்றாள்.

அந்த நேரத்தில்தான் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. சுவரோரம் நின்றிருந்த அப்பா தானாகவே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவை இழுத்துச் சாத்தி, முழங்கையை ஜன்னலில் வைத்துக்கொண்டிருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அதிர்வில் அவர் கன்னத்துச் சதை லேசாக ஆடியது. முகம் வழித்துவிட்ட மாதிரி அமைதியாக இருந்தது.

"ஏறுடா. நேரமாவுது" என்றார் வெளியே பார்த்து.

வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டிய சோடாபுட்டி நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஆசையக் காட்டாதீங்கன்னேன். நீங்க ஆளையே ஏத்தி உக்கார வச்சுட்டீங்க. இனிமே நான் என்னத்தப் பேச?"

கிளட்ச் சீக்கிரம் மாற்ற வேண்டியிருக்கும் என்று சொல்லி அவன் விலையில் ஏதோ குறைத்தான். மூத்தவள் காதில் அது சரியாக விழவில்லை. சாவியை வாங்கிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் வாங்கிய முதல் பெரிய சாமான் அது. சந்தோஷம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தாள். வரவில்லை. சரி, வண்டியை எடுத்தாள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமானது. வேலை விட்டதும் வீட்டுக்கு வந்து முட்டையை அவித்து, ரொட்டியில் வெண்ணெய் தடவி, பிளாஸ்கில் டீ ஊற்றிக்கொண்டு அப்பாவை ஏற்றுவாள். ஊரைச் சுற்றிப் போகிற புறவழிச் சாலை, அதைத் தாண்டிச் செங்கல் சூளைகள், சிமென்ட் கிடங்கு, ஒரு நீண்ட பாலம். பாலத்துக்கு அப்பால் டீசல் பங்க்கில் திரும்பி, வந்த வழியே வீடு. அந்த நாட்களில் வானம் மூடிக் கிடந்தது. மழையும் பெய்யாது, வெயிலும் அடிக்காது, புழுக்கம் மட்டும் கழுத்தில் ஈரத்துணியாக ஒட்டியிருக்கும்.

காரில் அப்பா வாய் திறந்தார். அவளை அவர் குட்டை என்று கூப்பிட்டார். குட்டை என்பவன் வெகுகாலம் அவரிடம் கிளீனராக இருந்தவன் என்பது பேச்சுவாக்கில் அவளுக்கு விளங்கியது. ஆள் நடமாட்டமில்லாத ரோட்டில் அவனிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டுச் சாய்ந்துகொள்வாராம்.

"நல்லாத்தான் ஓட்டுறடா குட்டை. ஆனா ஒதுங்கிப் போ. முந்தறவன முந்த விடு. அவன் பெண்டாட்டி பிரசவத்துக்குப் போறானோ என்னமோ."

"சரிண்ணே."

"முட்டை யாரு அவிச்சது?"

"நான்தான்."

"கல்லு மாதிரி அவிச்சிருக்க. ஆனா பரவால்ல, பசிக்கு ருசி ஏது. நீ தின்னியா?"

"அப்புறம் தின்னுக்கறேன்."

"அப்புறம்னா எப்ப? வண்டிய ஓரங்கட்டு. தின்னு, அப்புறம் போலாம். வயித்தக் காயப்போட்டு எவன்கிட்ட மெடல் வாங்கப் போற?"

அவள் ஓரங்கட்டித் தின்பாள். அவள் தின்று முடிக்கும் வரைக்கும் அவர் அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். நெட்டையிடம் ஒருநாள் இதைச் சொன்னாள். நெட்டைக்குக் கண் கலங்கியது. "உன்ன மகள்னு நெனச்சே இப்படிப் பேசலாம்ல அந்த மனுஷன்" என்றாள். மூத்தவள் விரிப்பின் முனையை நேர்படுத்தினாள். "எப்படிப் பேசினா என்ன, சத்தம் போடாம வர்றாரு" என்றாள்.

ஒருநாள் தூறல் விழுந்தது. வைப்பர் போட்டிருந்தாள். பாலத்துக்கு முன்னால் வரிசையாக லாரிகள் நின்றன. அப்பா அவற்றைப் பார்த்துக்கொண்டே, "வீட்டுக்குப் போனா கஷ்டம்டா" என்றார்.

"என்ன கஷ்டம்ண்ணே?"

"என்ன பேசறதுன்னு தெரியல. சின்னது பரவால்ல, மேல ஏறிக் குதிக்கும், முட்டாய் குடுத்தா ஓடிடும். பெரிய பொண்ணு ஒண்ணு இருக்கே… அது வந்து கதவுகிட்ட நிக்கும். ஒண்ணும் கேக்காது. பாத்துக்கிட்டே நிக்கும்."

மூத்தவள் முன்னால் நின்ற லாரியின் சிவப்பு விளக்கைப் பார்த்தாள்.

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"கண்ண மூடிக்குவேன். தூங்கற மாதிரி." அவர் குரல் தாழ்ந்தது. "அவங்கம்மா வந்து, அப்பா தூங்கறாரு, சத்தம் போடாதேம்பா. அது பொட்டுச் சத்தம் போட்டிருக்காது. ஆனாலும் போயிடும்."

வீட்டில் அவளுக்கு நினைவிருந்த அப்பா ஒரு முதுகுதான். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும், டீசல் வாடை அடிக்கும், பனியன் போட்ட முதுகு. அவர் அப்படிக் களைத்துப்போய் வருகிறாரே என்று அவள் எத்தனையோ முறை அடுத்த அறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு விளையாடியிருக்கிறாள்.

"கண்ணத் தொறந்து ஏதாச்சும் பேசியிருக்கலாம்லண்ணே" என்றாள்.

"என்னத்தப் பேச? எனக்கு ரோட்டப் பத்தித்தான் தெரியும். பாவம், அதுக்கு அதெல்லாம் புடிக்குமா?"

"கேட்டுப் பாத்தீங்களா?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நெற்றி சுருங்கியது. "கேக்கல" என்றார். "இந்த நடை முடிஞ்சு போனதும் கேக்கறேன்."

லாரிகள் நகர்ந்தன. அவள் கியரைப் போட்டாள். அழுகை வந்தால் வண்டியை ஓரங்கட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினாள். ஓரங்கட்ட வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து சோறு பிசைந்து கொடுத்தாள். அவர் "யாரும்மா நீ, புதுசா இருக்க?" என்று கேட்டார்.

இன்னும் சில மாதம் இப்படியே போனது. கிளட்ச் மாற்றியாயிற்று, வண்டி சொன்ன பேச்சுக் கேட்டது. மனுஷன்தான் கேட்கவில்லை. ஒருநாள் புறவழிச் சாலையில் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது அவர் திடீரென்று பெல்ட்டை அவிழ்த்தார்.

"தார்ப்பாய் அடிக்குதுடா. கயிறு தளர்ந்துபோச்சு, கேக்கல? நான் பாத்துட்டு வரேன்."

சொல்லிக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார். காற்று உள்ளே பாய்ந்தது. ஒரு கால் வெளியே. மூத்தவள் ஒரு கையால் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள், மறுகையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பிரேக்கை மிதித்தாள். பின்னால் வந்த லாரி ஹார்னை அலறவிட்டு, உரசுகிற மாதிரி விலகிப் போனது. அதிலிருந்தவன் அவள் பரம்பரையை இழுத்துத் திட்டினான். வண்டி ஓரத்து மண்ணில் சாய்வாக நின்றது. சட்டையில் இரண்டு பொத்தான் தெறித்துப் போயிருந்தது. அப்பாவுக்குச் சிராய்ப்புக்கூட இல்லை.

"பின்னால வர்றவனுக்குக் கை காட்டணும்டா, குட்டை. எத்தன வாட்டி சொல்றது" என்றார்.

அவள் தன் கைகளைப் பார்த்தாள். நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் அவளுக்கே கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் அவரைப் பின்சீட்டில் உட்காரவைத்து, உள்ளிருந்து திறக்க முடியாதபடி பூட்டைப் போட்டுக் கிளம்பினாள். தெருமுனை தாண்டுவதற்குள் அவர் கண்ணாடியில் குத்த ஆரம்பித்தார். பிறகு குத்துவதை விட்டுவிட்டு, முன்னால் குனிந்து கும்பிட்டார். "மொதலாளி, நான் என்ன தப்புப் பண்ணினேன்? ஒரு வண்டியக்கூட ஒரசினது இல்லியே. ஏன் என்னப் பின்னால போட்டுட்டீங்க?"

அவள் வண்டியைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். தம்பிக்குப் போன் போட்டாள். "அந்த எடம் இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு" என்றான் அவன். நான் அப்பவே சொன்னேன் என்று சொல்லாமல் விட்டான். அந்த மட்டும் நல்லவன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். அப்பாவை முன்சீட்டிலேயே உட்காரவைத்தார்கள். தம்பி பின்னால் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தான். நெடுந்தூரம். அப்பா ஒவ்வொரு திருப்பத்திலும், "இது நம்ம ரூட் இல்லியேடா" என்றார். "புது பார்ட்டிண்ணே, புது எடம்" என்றாள் மூத்தவள். புது பார்ட்டி என்றதும் அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், தலையைக் கையால் கோதிக்கொண்டார்.

இல்லத்துக்கு முன்னால் அகலமான இரும்பு வாசல். பணிப்பெண் ஒருத்தி வந்து, "வாங்கய்யா" என்றாள்.

"லோடு எறக்க நேரமாகுமா?" என்று அப்பா கேட்டார்.

அவள் இதையெல்லாம் நிறையப் பார்த்தவள் போலிருக்கிறது. "கொஞ்சம் ஆகுங்கய்யா. நீங்க உள்ள வந்து உக்காருங்க."

அப்பா மூத்தவள் பக்கம் திரும்பினார். "அப்ப நீ போய்ச் சாப்ட்டு வா. நான் இருந்து பாத்துக்கறேன். சும்மா டீயக் குடிச்சுட்டு வந்து நிக்காத. நல்லாச் சாப்புடு."

தம்பி அவரோடு உள்ளே போனான், கையெழுத்துப் போட. அவள் எதிர்ப்பக்கம் இருந்த சின்னச் சாப்பாட்டுக் கடைக்கு நடந்தாள். நாலே மேசை, மின்விசிறி, சுவரில் எண்ணெய்க் கறை. சோறும் குழம்பும் வைத்தார்கள். சுடச்சுடப் பிசைந்தாள். பசித்தது. அவளுக்கே வெட்கமாக இருக்கும் அளவுக்குப் பசித்தது. இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். தட்டை வழித்தாள்.

கடைக்காரர் காசை வாங்கும்போது, "வேற ஏதாச்சும்?" என்றார்.

"ஒண்ணு பார்சல் கட்டுங்க."

"யாருக்கும்மா? காரம் போடலாமா?"

"டிரைவருக்கு" என்றாள். "காரம் கம்மியா."

பொட்டலத்தை இரும்பு வாசலில் பணிப்பெண்ணிடம் கொடுத்தாள். தம்பி வந்து காரில் ஏறி, பின்சீட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போகலாம் என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கிளம்பவில்லை. வானம் மூடியே கிடந்தது. நல்ல நேரம் கழித்துப் பணிப்பெண் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

"சாப்ட்டாரும்மா. பாதிய அப்படியே எடுத்து மூடி வச்சுட்டாரு. கிளீனர் சாப்ட்டானா, கிளீனர் சாப்ட்டானான்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. யாருங்க அது, உங்க வீட்டு ஆளா?"

"ஆமா" என்றாள் மூத்தவள். "வயிறு நெறையச் சாப்ட்டான்னு சொல்லுங்க."